கூடுதல் சம்சாரம்

அண்ணாச்சியின் சாயாக்கடைக்குள் யாரும் நிமிர்ந்து நுழையக்கூடாது. வாசல் உயரமானதுதான், யாருக்கும் தலை இடிக்காது. ஆனாலும் குனிந்து, பக்கவாட்டில் காலை வைத்து, சத்தமில்லாமல் வர வேண்டும். "நிமிர்ந்து வந்தா பயந்து பறந்துரும்" என்பார். கடைக்குள் பறப்பதற்கு ஈக்களைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் கொச்சங்காடிக் கிடங்குகளில் சுக்கு மூட்டையும் மிளகு மூட்டையும் சுமக்கிற ஆட்கள், யாருக்கும் தலை வணங்காத தொழிற்சங்கக்காரர்கள், அண்ணாச்சியின் கடை வாசலில் மட்டும் குனிந்தார்கள். குனியாதவருக்குச் சாயாவில் சர்க்கரை குறையும்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். அண்ணாச்சி என்றால் எழுபதுகளில் கொச்சி மட்டாஞ்சேரித் தமிழர்கள் எல்லோருக்கும் ஆள் தெரியும். மலையாளிகள் அவரை மூப்பர் என்றார்கள்.

என்னைப் பற்றி ஒரே ஒரு தகவல் சொல்லிவிடுகிறேன். நகரசபையில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். தேதி சரியில்லாத ஒரு சம்பவம் என்னைப் பொறுத்தவரை நடக்காத சம்பவம். வீட்டிலும் நாட்குறிப்பு எழுதுவேன். கீழே சொல்லப்போவது எல்லாம் அதில் இருப்பதுதான்.

அண்ணாச்சி ஒரு சரக்குக் கப்பலில் பண்டாரியாக, அதாவது சமையல்காரராக, இருந்தவர். அறுபதுகளின் கடைசியில் ஒரு ஆனி மாதம், வடக்கே வெகு தொலைவில், மரமே முளைக்காத ஒரு தீவின் அருகில் கப்பலின் எஞ்சின் நின்றுபோனது. ஏதோ ஒரு உதிரிபாகம் வர வேண்டியிருந்தது. வரும்வரை கப்பல் அங்கேயே நங்கூரம் போட்டுக் கிடந்தது. மற்றவர்கள் சீட்டாடினார்கள். அண்ணாச்சி சோறு வடித்து வைத்துவிட்டுப் படகில் கரைக்குப் போய்க் குன்றில் ஏறினார். அங்கே கண்டதை வாழ்நாள் முழுவதும் சொன்னார்.

"எத்தனை நாள் அண்ணாச்சி?" என்று முதல் தடவை கேட்டேன்.

"பத்தொன்பது."

"அங்கே இருட்டவே இருட்டாது என்கிறீர்களே. ராத்திரி இல்லாமல் நாளை எப்படி எண்ணினீர்கள்?"

இந்தக் கேள்வியில் ஆள் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, சூரியன் அவிடெ டியூட்டி முடிஞ்சும் வீட்டுக்குப் போகாது. சரி. ஆனா மனுஷனுக்குப் பசிக்குமில்லே? மத்தியானச் சோறு பத்தொன்பது வாட்டி வடிச்சேன். நீ ரெஜிஸ்டர்ல எழுது, சோத்துப் பானைக்குத் தேதி தப்பாது."

எழுதிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் சொன்ன கணக்குகளையெல்லாம் குறித்து வைத்து, அடுத்த முறை சொல்லும்போது ஒப்பிட்டுப் பார்ப்பது என் பொழுதுபோக்கானது. தீவின் பெயர் மட்டும் அவர் வாயில் ஒவ்வொரு முறையும் வேறாக வந்தது. என்னிடம் ஏழு பெயர்கள் இருக்கின்றன, ஒன்றும் எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் பறவைகளின் கணக்கு ஒரு தடவைகூட மாறவில்லை. அவர் கிளிமூக்குத் தாரா என்று சொன்ன பறவை நாற்பதாயிரம். வெள்ளை வயிறு, கறுப்பு முதுகு, கிளி போல வளைந்த சிவப்பு மூக்கு, தாரா, அதாவது வாத்து, போல நடை. மரமில்லாத ஊராகையால் அது புல்தரையில் வளை தோண்டி எலி மாதிரிக் குடியிருக்கும். படுதாவை விரித்து அதற்குள் எத்தனை வளை என்று எண்ணி, குன்று எத்தனை படுதா என்று நடந்து அளந்து பெருக்கியிருந்தார். சோற்றுக்கு ஆள்கணக்கு எடுக்கிறவரின் புத்தி.

"பட்சி குழியில கெடக்குமோ மூப்பரே? பின்னே எலி மரத்துலயா?" என்று சுமட்டுக்காரர்கள் கேட்பார்கள். சிரிப்பார்கள். அண்ணாச்சி கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்ததைச் சொல்வார். அடுத்தது இன்னும் நம்பமுடியாததாக இருக்கும்.

உதாரணமாக ஆலா. கத்தி போன்ற சிறகுள்ள வெள்ளைப் பறவை. கூட்டுப் பக்கம் போனால் பாய்ந்து வந்து மண்டையில் கொத்தும். மூன்றாம் நாள் ரத்தம் ஒழுகக் கப்பலுக்குத் திரும்பினார். கரையில் ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவர் சைகையில் ஒரு உபாயம் சொல்லிக் கொடுத்தாராம். எது உயரமோ அதைத்தான் அந்தப் பறவை கொத்தும், ஆகையால் தலைக்கு மேல் ஒரு கம்பைப் பிடித்துக்கொள். தீவில் கம்பு ஏது? அண்ணாச்சி மறுநாள் முதல் நீளக்காம்பு சாம்பார்க் கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி குன்றில் ஏறினார். "கரண்டியில ணங் ணங்னு அடிக்கும் பாரு, கோயில் மணி தோத்துரும்" என்பார். சொல்லும்போது கரண்டி கையில் உயர்ந்துவிடும். கொதிக்கிற பாலும் அதோடு உயரும். முன்வரிசை பெஞ்சில் புதியவர்கள் மட்டும்தான் உட்காருவார்கள்.

கடல்நாய்களைப் பற்றி அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடிக்கும். பாறையில் உட்கார்ந்து தாலாட்டுப் பாடினாராம். தண்ணீருக்கு மேலே ஒவ்வொன்றாகத் தலைகள் எழும்பின. "பழனியில மொட்டை போட்டுட்டு எல்லாரும் ஒண்ணா முங்கி எந்திரிச்ச மாதிரி. கண்ணுல பக்தி. நான் நிறுத்தினா முங்கிடும், பாடினா எந்திரிக்கும். என் பாட்டை முழுசா கேட்ட கூட்டம் உலகத்திலே அது ஒண்ணுதான்."

உண்மைதான். கொச்சியில் அவர் பேச்சை முழுசாகக் கேட்டவர் யாருமில்லை, என்னைத் தவிர. நானும் சரிபார்க்கத்தான் கேட்டேன். மதினி, அதாவது அவர் மனைவி, அவர் வாயைத் திறந்ததும் அடுக்களைக்குள் போய் ஆட்டுக்கல்லைச் சுற்ற ஆரம்பிப்பார். மாவு இல்லாத நாளிலும் சுற்றுவார் என்று ஊரில் பேச்சு.

ஊர் சிரித்தது பரவாயில்லை. அவர் மகள் செண்பகத்துக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதுதான் விஷயம் முற்றியது.

முதல் வரன் ஆலப்புழையிலிருந்து வந்தது. பையனின் மாமா மரியாதைக்கு, "கப்பல்ல எல்லாம் போயிருக்கீங்களாமே" என்றார். அண்ணாச்சி தொடங்கினார். எண்ணெய் துப்புகிற பறவை ஒன்று உண்டு. கிட்டப் போனால் வயிற்றிலிருந்து நாறுகிற எண்ணெயை முகத்தில் பீய்ச்சும். அப்படித் துப்பு வாங்கி வந்த நாளில் மாலுமிகள் அவர் கையால் சாப்பிட மறுத்தார்கள். இதை அவர் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது வந்தவர்கள் கையில் பால்பாயசம் இருந்தது. பதில் எழுதுகிறோம் என்று போனார்கள். எழுதவில்லை.

இரண்டாவது வரனின் தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். ராத்திரியில்லாத ஊரைப் பற்றிக் கேட்டுவிட்டு, "ராத்திரியே இல்லேன்னு வாய் கூசாமச் சொல்றவர், பொண்ணோட வயசை எப்படிச் சொல்லியிருப்பார்?" என்று தரகரிடம் சொல்லிவிட்டார். ஒரு வாத்தியாரே இப்படிச் சொன்னார். எனக்குக்கூட வருத்தமாக இருந்தது. செண்பகத்தின் பிறப்பை என் மேசையில் இருந்த பதிவேட்டில் நானே பார்த்திருக்கிறேன். வயது சரியான வயது.

மூன்றாவது வரன் சங்கரன்கோவில் பக்கம். பையனுக்கு விருதுநகரில் கடையில் வேலை. ஒரு கல்யாணத்தில் செண்பகத்தைப் பார்த்து அவனே பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தான். செண்பகத்துக்கும் பிடித்திருந்தது. மதினி எடுத்த முடிவு கடுமையானது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் அண்ணாச்சியைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தினார். நானும் அங்கே இருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை அவுக வந்துட்டுப் போற வரைக்கும் தீவுங்கிற சொல் உங்க வாயில வரக்கூடாது. கையில கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

"தீவுன்னு சொல்லல. கடல்னு சொல்லலாமா?"

"கூடாது."

"பறவை?"

"கோழிகூடக் கூடாது!"

கற்பூரத்தை அணைத்தார். அவர் முகம் வாடியதைப் பார்த்து நான் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேர் எர்ணாகுளத்திலிருந்து படகில் மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்கினார்கள். பையனின் தகப்பனார், ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். தகப்பனாரின் அக்கா, அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல், எல்லோரும் பெரியக்கா என்றார்கள். கூடவே தரகர். பெண் வீட்டுக்குப் போகுமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது அவர்கள் வழக்கம். தெருமுனையில் இருந்த தையல்கடைக்குப் போனார்கள். அங்கே ஔசேப்பேட்டன்.

ஔசேப்பேட்டனுக்குத் தமிழ் தெரியும் என்று ஔசேப்பேட்டன் நம்பினார். முப்பது வருஷமாகத் தமிழர்களுக்குச் சட்டை தைத்த தைரியம். அண்ணாச்சி மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர். அன்று மாலை அவரே எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மூப்பரு நல்ல மனுஷனா. குடியில்ல, பீடியில்ல. ஆகெ ஒரு குழப்பமே உள்ளூ. அந்தத் தீவிண்டெ காரியம் வந்நா, சம்சாரம் கொறச்சு கூடுதலா."

மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. தீவைப் பற்றி என்றால் ஆள் கொஞ்சம் அதிகமாகப் பேசுவார் என்றார். சங்கரன்கோவிலில் சம்சாரம் என்றால் மனைவி.

பெரியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். தகப்பனார் குரலைத் தாழ்த்தி, "கூடுதல்னா… எம்புட்டு நாளா?" என்று கேட்டார்.

"வந்நப்ப முதலே. தெனமும் உண்டு. காலத்தெ கடை தொறந்நா தொடங்கும்."

"வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"பின்னே! அந்த ஸ்திரீயல்லே கூடுதல் கஷ்டப்பட்டது? இன்னைக்கு ஒரு தெவசம் மட்டும் வேண்டான்னு சத்தியம் செய்யிச்சிருக்கு."

"ஊர்க்காரங்க நீங்க ஒண்ணும் கேக்கலியா?"

"ஞங்ஙள் சகிக்குந்நு," நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம் என்று, பெருந்தன்மையாகச் சொன்னார் ஔசேப்பேட்டன். "ஆளு பாவமா."

அப்படியே திரும்பியிருப்பார்கள். திரும்பாததற்குக் காரணம், அடுத்த படகுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பெரியக்காவுக்கு அந்த ஆள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. வந்தவர்களை நான்தான் வாசலில் வரவேற்றேன். ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று புரியவில்லை, படகுப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். உட்கார்ந்தார்கள். பஜ்ஜி வந்தது. யாரும் தொடவில்லை.

"கப்பல்ல இருந்தீகளோ?" என்றார் தகப்பனார்.

அண்ணாச்சி மதினியைப் பார்த்தார். "ஆமா."

"ஏதோ தீவுல தங்கினீகளாம்."

அண்ணாச்சிக்கு வியர்த்தது. மறுபடி மதினியைப் பார்த்தார். அடுக்களை வாசலில் நின்ற மதினி கண்ணாலேயே கற்பூரம் கொளுத்தினார். "அது… பழைய கதை."

"பழைய கதையா? தினமும் நடக்குதுன்னு கேள்விப்பட்டோம்."

"இப்ப விட்டுட்டேன்," என்றார் அண்ணாச்சி பரிதாபமாக. "வெள்ளிக்கிழமையிலேருந்து."

பெரியக்கா தம்பியைக் கையமர்த்திவிட்டு முன்னால் சாய்ந்தார். "சுத்தி வளைக்க வேண்டாம். எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கோம். ஒண்ணே ஒண்ணு சொல்லும். அங்க எத்தனை பேரு?"

பத்து வருஷமாக அந்த மனிதரிடம் யாரும் இந்தக் கேள்வியைத் தாமாகக் கேட்டதில்லை. அவர் கண்கள் கலங்கியதை நான் பார்த்தேன். சத்தியத்தில் எண்ணிக்கை சேர்த்தியில்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

"நாப்பதாயிரம்," என்றார்.

அடுக்களைக்குள் போய் மதினி சுற்ற ஆரம்பித்திருந்த ஆட்டுக்கல் நின்றது.

"கூடக்குறைய இருக்கும். உள்ள இருந்ததை எண்ணல. எல்லாம் சோடி சோடியா. வருஷத்துக்கு ஒரு முட்டைதான்."

தகப்பனார் எழுந்துவிட்டார். தரகர் குடையை எடுத்தார். பெரியக்கா குரலை உயர்த்தினார். "அக்கம்பக்கத்து மனுஷன் சொல்லுதான், உமக்குச் சம்சாரம் கூடுதல்னு. நான்கூட ஒண்ணு ரெண்டு இருக்கும்னு நெனைச்சேன்! என்ன தெம்பு ஐயா உமக்கு, முட்டை கிட்டைன்னு கேலி வேற!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "ஐயையோ, சம்சாரம் இல்லீங்க, சம்சாரம்!" என்று கத்தினேன். அது எதையும் விளக்கவில்லை என்று உடனே தெரிந்தது. மலையாளத்தில் பேச்சு என்று பொருள், அவர் பேசுவது பறவையைப் பற்றி என்று மூச்சு வாங்கச் சொன்னேன். பெரியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீரு யாரு, இவரு மச்சினனா?"

"நகரசபை எழுத்தர்."

"சாட்சிக்கு ஆள் ரெடியா வச்சிருக்காக."

ஔசேப்பேட்டனை அழைத்து வந்தோம். கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தவர், நடந்ததைக் கேட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "எண்டெ மாதாவே! அம்மா, ஞான் பறஞ்ஞது வர்த்தமானம், பேச்சு! மூப்பருக்கு ஒரு பாரியாளே உள்ளூ. எனிக்கும் ஒண்ணு உண்டு. அந்த ஒண்ணே கூடுதலா!"

தரகர் மட்டும் சிரித்தார். பெரியக்கா சிரிக்கவில்லை. பேச்சென்றால் அப்படி என்ன பேச்சு, இவர்களெல்லாம் ஒரே தெருக்காரர்கள், சொல்லி வைத்துச் சொல்லலாம் என்று தம்பியின் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. இருவரும் செருப்பைத் தேடினார்கள்.

அடுக்களை வாசலில் இருந்து செண்பகம் வெளியே வந்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் அழைக்காமல் வெளியே வருவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. காபித் தட்டுகூடக் கையில் இல்லை.

"அம்மா, அப்பாவைப் பேச விடுங்க. பாதி பேசினாத்தான் தப்பாப் போகுது. முழுசா பேசட்டும். அதுக்கப்புறமும் இவங்க போறதுன்னா போகட்டும்."

தகப்பனார் அவளைப் பார்த்தார். செருப்பைத் தேடுவதை நிறுத்தி, மெல்ல உட்கார்ந்தார். "சரி. பேசட்டும். பார்சல் ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்தவன் நான். பெட்டியைத் தட்டிப் பாத்தே உள்ள என்னன்னு சொல்லிருவேன்."

"சொல்லித் தொலைங்க," என்றார் மதினி, உள்ளேயிருந்து.

அண்ணாச்சி சொன்னார். என் கடிகாரத்தில் ஒரு மணி பத்து நிமிஷம். படகு போனது. பஜ்ஜி ஆறியது. சோற்றுப் பானைக் கணக்கு, ஆலா, கரண்டி, தாலாட்டு. கரண்டி எப்படிப் பிடிப்பது என்பதற்குத் தரகரை எழுப்பி நிறுத்தினார். தகப்பனார் குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியக்கா முகம் மட்டும் கல்லாக இருந்தது. எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன் எதையும் கதை கட்டிவிடுவான் என்பது அவர் எண்ணம் என்று பிறகு சொன்னார்.

கடைசியில் பெரியக்காவே கேட்டார். "பட்சி குழியில இருக்குங்கீரு. குழிக்குள்ள கையை விட்டுப் பாத்தீரா? எம்புட்டு ஆழம்? உள்ள எப்படி இருந்துச்சு?"

எளிய கேள்வி. ஆனால் இதற்குத் தவறாகச் சொன்னால் மகள் வாழ்க்கை போய்விடும் என்ற நினைப்பு அந்த நேரத்தில்தான் அவருக்கு வந்திருக்க வேண்டும். அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூடினார். "அது வந்து… ஒரு… கை…" என்றார். என்னைப் பார்த்தார். என் நாட்குறிப்பில் அது இல்லை. என்னிடம் அவர் சொன்னதே இல்லை. பெரியக்கா மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார்.

"முழங்கையைத் தாண்டி ஒரு சாண்."

அடுக்களையிலிருந்து வந்தது குரல். மதினி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி காபி வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"நேரா போகாது. உள்ள போனதும் எடப்பக்கமாத் திரும்பும். கோடியில புல்லும் எறகும் மெத்தையாக் கெடக்கும், சூடா இருக்கும். குஞ்சு கடிக்காது, தாய் கடிக்கும். இவுகளுக்கு வலக்கை நடுவிரல்ல கடிச்சுது. கத்தலை. கத்தினா பக்கத்துக் குழியில இருக்கிறதெல்லாம் பயந்துருமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு கைய அப்படியே வச்சிருந்தாக."

அண்ணாச்சி தம் மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார், இதையெல்லாம் முதல் தடவையாகக் கேட்கிறவர் போல. ஔசேப்பேட்டன் பக்கத்தில் போய் அவருடைய வலக்கையைப் பிடித்துத் திருப்பி, நடுவிரலைப் பார்த்துவிட்டு, பெரியக்காவிடம் உயர்த்திக் காட்டினார். நகத்துக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தழும்பு.

கல்யாணம் அந்தத் தை மாதம் சங்கரன்கோவிலில் நடந்தது. வெற்றிலை மாற்றிக்கொண்டது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே. ஆனால் சம்பந்தம் முடிவான நேரத்தை நான் அதற்கு முன்பாகவே, பன்னிரண்டு மணி இருபது நிமிஷம் என்று குறித்திருக்கிறேன். அப்போதுதான் பெரியக்கா தம் நாற்காலியைத் தூக்கி, அண்ணாச்சிக்கு முதுகைக் காட்டி, அடுக்களை வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். ஆறிப்போன பஜ்ஜி ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"நீ சொல்லு தாயி," என்றார். "கடிச்சதுக்கு அப்புறம்?"